பதினாறாம் நாளுக்குப் பின்

மரணம் நிகழ்ந்த வீட்டில் முதல் பதினாறு நாள்கள் எவ்வாறு கழியவேண்டும் என்பதை நம் சமூகம் நுணுக்கமாக வகுத்து வைத்திருக்கிறது. நீர்மாலை எடுப்பவர் யார், கோடி போடுபவர் யார், பால் தெளிப்பது எந்த நாள், கருமாதிக்குச் சொல்லியனுப்பவேண்டியவர் யாவர் என ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. பதினேழாம் நாள் காலைக்கு மட்டும் முறை ஏதும் இல்லை. பந்தல் பிரிக்கப்பட்டுவிடும், வாடகை நாற்காலிகள் திரும்பிப் போய்விடும், உறவினர் தத்தம் ஊருக்குப் பேருந்தேறிவிடுவர். வாழ்க்கைத்துணையை இழந்தவர் மெய்யாகவே தனித்து விழிப்பது அன்றுதான்.

துணையை இழந்தவரைத் தாங்க வல்லவை நட்பும் இசையும் என்பது பலரும் சொல்லும் ஆறுதல் மொழி. அதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் அவ்வாறு சொல்வோர் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். ஒருவருக்கு நட்பும் இசையும் மிகத் தேவைப்படும் அதே நாளில்தான் நம் வழக்கங்கள் அவ்விரண்டையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்கின்றன. எனவே இது தனிமனிதர் மனத்திட்பத்தைப் பற்றிய வினா அன்று. நாம் கூட்டாகச் செய்யும் ஒரு பறிப்பைப் பற்றிய வினா. இப்பதிவில் அதையே விளக்க முயல்கிறேன்.

வடமாலபேட்டைப் பகுதியிலிருந்து தொடங்குவது பொருத்தம். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், புத்தூரைக் கடந்தபின் வரும் ஊர் இது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துக்குத் திரும்பியது. புத்தூரும் நகரியும் வடமாலபேட்டையும் அப்பாலேயே நின்றுவிட்டன. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் இப்படி நகர்ந்துகொண்டிருக்க, இப்பகுதியின் பல குடும்பங்களில் வீட்டுமொழியாகத் தமிழ் இன்றும் வாழ்கிறது. பிள்ளைகள் படிப்பது தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ. கடைவீதியும் அலுவலகமும் தெலுங்கு. முதிய தம்பதியர் தமக்குள் பேசிக்கொள்வதுதான் அவ்வீட்டில் எஞ்சிய தமிழ்.

இத்தகைய வீட்டில் கணவனோ மனைவியோ இறக்கும்போது போவது ஓர் உயிர் மட்டும் அன்று. எஞ்சியவரோடு அந்த மொழியில், அந்தக் குறிப்புகளோடு, பாதி சொல்லி மீதியை விட்டுவிடும் அந்த உரிமையோடு பேசுவதற்கு இருந்த ஒரே ஆளும் போய்விடுகிறார். எல்லைப்புறத்தில் இது கண்ணுக்குத் தெரியும் உண்மை. ஆனால் எங்குமே நெடுநாள் இல்லறம் தனக்கென ஒரு மொழியை உண்டாக்கிக்கொள்கிறது. அம்மொழியின் கடைசிப் பேச்சாளராக ஒருவர் மிஞ்சிவிடும் நிலையே துணையிழப்பு. துக்கம் விசாரிக்க வருவோர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அது அவருக்கு மொழிபெயர்ப்பாகவே கேட்பதன் காரணம் இதுதான்.

இனி, பறிப்பு எங்குத் தொடங்குகிறது என்பதைப் பார்ப்போம். தொல்காப்பியம் காஞ்சித் திணையில் இரு நிலைகளைப் பெயரிட்டுச் சொல்கிறது. மனைவியை இழந்த கணவனின் நிலை தபுதார நிலை. கணவனை இழந்த மனைவியின் நிலை தாபத நிலை. இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். முதற்பெயர் அவன் எதை இழந்தான் என்பதைச் சொல்கிறது: தாரத்தை இழந்தவன். இரண்டாம் பெயர் அவள் எதை இழந்தாள் என்று சொல்லவில்லை. இனி அவள் எப்படி வாழவேண்டும் என்று சொல்கிறது: தவம் பூண்டவளாக. அவனுக்கு இழப்பு, அவளுக்கு விதி. புறநானூற்றின் 245ஆம் பாடலில் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, மனைவி ஈமத்தில் எரிந்தபின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி நாணுகிறான். அடுத்த பாடலிலேயே பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பின் உணவையும் படுக்கையையும் எண்ணி, அதனினும் தீயே இனிது எனத் துணிகிறாள். அழுவதற்கான இடம் அவனுக்குக் கிடைத்தது. அவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அகப்பாடல்களில் தலைவியின் பக்கம் நீங்காது நிற்கும் தோழி, கைம்மையைப் பாடும் புறப்பாடல்களில் அரிதாகவே தென்படுகிறாள் என்பதையும் மாணவர்கள் கருதிப் பார்க்கலாம்.

அந்த விதி இன்று உருமாறி நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணவனை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் ஒரு திருமண மண்டபத்தில் முதல் வரிசையில் அமர்ந்து நாதசுரம் கேட்க அழைக்கப்படுகின்றனர்? அது மங்கல இசை. அவர் மங்கலம் இழந்தவர். ஆரத்தி எடுக்கும் வேளையில் சமையற்கட்டுக்கு நகர்ந்துகொள்ளவும், கெட்டிமேளம் ஒலிக்கையில் தூணுக்குப் பின்னால் நிற்கவும் அவரே கற்றுக்கொள்கிறார். யாரும் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. கணவனை இழந்தவர் என்ற காரணத்தால் ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுக்க இயலாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டிலும் சொல்லவேண்டியிருந்தது. வளையல் உடைத்தல், பொட்டழித்தல் முதலிய சடங்குகளைக் கைவிட 2022 மே மாதம் மகாராட்டிரத்தின் ஹேர்வாட் கிராமப் பஞ்சாயத்து தீர்மானம் இயற்றியது நாடெங்கும் செய்தியானது. அது செய்தியாயிற்று என்பதே நம் நிலையைக் காட்டப் போதும்.

நட்பும் இவ்வாறே நழுவுகிறது. திருக்குறள் நட்புக்கென 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை ஒதுக்கிய மொழி நம்முடையது. ஆனால் மணமான பெண்ணின் நட்பு பெரும்பாலும் கணவன் வழியாக வந்த நட்பாகவே அமைந்துவிடுகிறது. அவன் போனபின் அவ்வீடுகளின் அழைப்பு குறைகிறது. ஆண் நண்பர் ஒருவர் வந்து நலம் கேட்டால் தெரு வாய்திறக்கிறது. ஆண்களின் நிலை எளிது என்பதற்கில்லை. அவர்களுக்கு நாம் தருவன இரண்டே: அடுத்த பெண் பார்ப்பது, அல்லது அழாதே என்பது. மனைவியின் வழியாகவே மக்களோடும் சுற்றத்தோடும் பேசிப் பழகிய ஒருவர், அவள் போனபின் பிள்ளைகளோடு நேரடியாக என்ன பேசுவது என்று அறியாமல் திண்ணையில் அமர்ந்திருப்பதை எல்லா ஊரிலும் காணலாம். 1918இல் மனைவியை இழந்த திரு.வி.க. மறுமணத்தை நாடாமல், அதே ஆண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கப் பணியிலும் அதன் தோழமையிலும் தம்மைக் கரைத்துக்கொண்டார். அத்தகைய தோழமை வாய்ப்பது எல்லாருக்கும் எளிதன்று.

இவ்விடத்தில், மரபு முழுவதும் பறிப்பே என்று எழுதிவிட்டால் அது பிழையாகும். தாங்கும் வழிகளும் நம் மரபிலேயே உள்ளன. ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றி அழும்போது ஒருத்தி அடியெடுக்கிறாள். மற்றவர்கள் இழுவையில் சேர்ந்துகொள்கின்றனர். இறந்தவரை முன்னிலையில் விளித்து, அவர் கொடுத்ததையும் கொடுக்காததையும் சொல்லிக்காட்ட அங்கு உரிமையுண்டு. வாழ்நாளெல்லாம் சொல்ல இயலாத குறையை மெட்டின் காவலில் சொல்லிவிடலாம். அங்கே இசையும் நட்பும் இரண்டல்ல. வடதமிழகத்தில் கருமாதியை ஒட்டிய இரவில் ‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்து நடத்தும் வழக்கமும் இத்தகையதே. கர்ணன் போருக்குப் புறப்படுகிறான். மனைவி பொன்னுருவி அவனைப் போகவிட மாட்டாமல் தவிக்கிறாள். விடிவதற்குள் அவன் மாய்கிறான். மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் ஒலிக்க, ஊர் முழுவதும் விழித்திருக்கிறது. துக்க வீட்டார் உறங்க இயலாத ஓர் இரவில், அவர்களோடு ஊரே உறங்காதிருப்பதைக் காட்டிலும் பெரிய விசாரிப்பு வேறென்ன? பாரதக் கூத்து திரௌபதி அம்மன் கோயில்களையும் தர்மராஜர் கோயில்களையும் சார்ந்து தமிழிலும் தெலுங்கிலும் தழைத்த சித்தூர் நிலத்தில் இதன் பொருளை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இம்மரபைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. சாவுக்கு அடிக்கும் பறை பல தலைமுறைகளாகச் சாதியால் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. ஒரு வீட்டின் ஆறுதல் மற்றொரு தெருவின் இழிவாக இருந்த வரலாற்றை அறிந்துகொண்டே நாம் இவ்விசையைப் பேசவேண்டும்.

இலக்கியத்தில் எனக்கு மிக முதன்மையாகப் படும் சான்று சிலப்பதிகாரத்தின் தேவந்தி. கண்ணகியின் தோழியாகிய இவளும் கணவனோடு வாழாதவளே. பாசண்டச் சாத்தன் எட்டாண்டு அவளோடு வாழ்ந்து, பின் தன் தெய்வ வடிவைக் காட்டி நீங்கிவிடுகிறான். கனாத்திறம் உரைத்த காதையில் அவள் தரும் அறிவுரை, நீர்த்துறையில் ஆடிக் காமவேள் கோட்டம் தொழுக என்பது. கண்ணகி அதை ஏற்கவில்லை. அறிவுரையாக வந்த நட்பு அங்கே தோற்கிறது. ஆனால் இளங்கோவடிகள் தேவந்தியை அதோடு விட்டுவிடவில்லை. காப்பியத்தின் இறுதிக்கு அருகில், வாழ்த்துக் காதையில், அவள் சேரநாட்டுக்கு வந்து நிற்கிறாள். உடன் கண்ணகியின் காவற்பெண்டும் அடித்தோழியும் மாதரியின் மகள் ஐயையும் உள்ளனர். அவர்கள் அரற்றுகின்றனர், பின் வஞ்சி மகளிர் அம்மானையும் கந்துகமும் ஊசலும் வள்ளையும் பாடுகின்றனர். மதுரையை எரித்த துயரம் அடங்குமிடம் தோழியர் சூழப் பாடல் எழும் இடமாக இருக்கிறது. அறிவுரையோடு வந்தபோது பயன்படாத தோழி, உடனிருந்து அழ வந்தபோது பயன்படுகிறாள்.

துயரை ஆராய்ந்த அண்மைக்கால அறிஞர்களும் ஏறத்தாழ இங்கேயே வந்து சேர்கின்றனர். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து கட்டங்கள் நம் வகுப்பறைகளில் துக்கத்தின் விதிபோல ஒப்பிக்கப்படுகின்றன. அவை தம் சாவை எதிர்நோக்கிய நோயாளிகளோடு பேசி உருவானவை. துணையிழந்தவர் ஏறவேண்டிய படிக்கட்டாக அவற்றைக் கொள்வது பொருந்தாது. 1999இல் நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் முன்வைத்த இரட்டைச் செயல்முறைக் கருத்து வேறுவிதமானது. துயருற்றவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறிமாறி ஊசலாடுகிறார். அந்த ஊசலாட்டமே நலத்தின் அடையாளம். காலையில் மின்கட்டணம் கட்ட வரிசையில் நின்றவர் மாலையில் பழைய சட்டையைக் கண்டு உடைந்துபோவது பின்னடைவு ஆகாது. 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்த நூல், இறந்தவரோடு உள்ள பிணைப்பை அறுத்தெறிவது துக்கத்தின் முடிவு அன்று, அதை வேறு வடிவில் தொடர்வதே இயல்பு என வாதிட்டது. அதே சில்வர்மன் 1960களில் பாஸ்டனில் தொடங்கிய முயற்சியில், கணவனை இழந்து சில ஆண்டுகள் கடந்த பெண்கள் புதிதாக இழந்தவரின் வீடு தேடிச் சென்றனர். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, குழந்தைப் பருவத்தில் கைம்மையுற்று 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, இளம் கைம்பெண்களைக் கூட்டிச் சென்னையில் இல்லம் நடத்தினார். கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் அவர்கள் ஒன்றாக வாழ்ந்து படித்தனர். தேவந்தி தொடங்கிவைத்த வழி இது என்பேன்.

நட்பும் இசையும் துயரை ஆற்றும் மருந்து என்று சொல்ல நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. வடமாலபேட்டைக்கு அருகிலுள்ள புத்தூரை எலும்பு முறிவுக் கட்டுக்காகத் தமிழுலகமே அறியும். அக்கட்டில் மூங்கில் பத்தையும் துணியும் முறிந்த எலும்பை நிலைபெயராமல் பிடித்திருக்கின்றன. எலும்பு கூடுவது உடம்பின் வேலை. அது தன் காலத்தை எடுத்துக்கொள்ளும். நட்புக்கும் இசைக்கும் நான் இவ்வளவே உரிமை கோருகிறேன். அவை பிடித்துநிற்கும், அவசரப்படுத்த அவற்றால் இயலாது, அவசரப்படுத்தவும் கூடாது.

இதற்கு இரு வாழ்க்கைகள் சான்று. எம்.எஸ். சுப்புலட்சுமி 1940இல் கல்கி சதாசிவத்தை மணந்தார். எந்தப் பாடல், எந்த மேடை, எந்த வரிசை என அவரது இசை வாழ்வின் ஒவ்வொரு முடிவிலும் சதாசிவம் இருந்தார். 1963இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு இன்றும் இப்பகுதியின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் விடியலை அறிவிக்கிறது. திருப்பதி நகரில் அவருக்குச் சிலையும் உண்டு. 1997 நவம்பரில் சதாசிவம் மறைந்தார். அதன்பின் எம்.எஸ். பொதுமேடையில் கச்சேரி செய்யவில்லை. 1998இல் பாரத ரத்னா வந்தது; 2004 டிசம்பரில் அவரும் மறைந்தார். எத்தனையோ துக்க வீடுகளைத் தாங்கிய குரல், தன் துக்கத்தில் மேடையை விட்டு விலகியது. இதைத் தோல்வி என்று யார் சொல்லக்கூடும்? இசையே மூச்சாக இருந்தவருக்கும் இசை ஒரு கடமையாகக் கூடாது. ஒருவருக்குப் பாட்டு இல்லறத்தோடு பிரிக்கவியலாதபடி பின்னியிருந்தால், மௌனமே அவர் அப்பிணைப்பைத் தொடரும் வடிவமாக இருக்கலாம்.

மற்றவர் ருக்மிணி தேவி. ஜார்ஜ் அருண்டேல் 1945 ஆகஸ்டில் மறைந்தபோது அவருக்கு வயது 41. 1936இல் இருவரும் சேர்ந்து நிறுவிய கலாக்ஷேத்திரத்தை அவர் கைவிடவில்லை. 1947இல் குமாரசம்பவம் மேடையேறியது. 1955 முதல் இராமாயண நாட்டிய நாடக வரிசை தொடர்ந்தது. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற முதுபெரும் இசைவாணர்கள் அவரைச் சூழ இருந்தனர். முதுமையில் அங்கு வந்த வாசுதேவாச்சாரியார் அந்த இராமாயண வரிசைக்கு இசையமைத்தார். 1986இல் மறையும்வரை நாற்பதாண்டுகள் ருக்மிணி தேவி அப்பணியில் இருந்தார். ஒருவர் மௌனத்தைத் தேர்ந்தார். மற்றவர் பணியைத் தேர்ந்தார். இருவருக்கும் பொதுவானது, தேர்வு அவர்களுடையதாக இருந்தது என்பதே. தூணுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கு இல்லாததும் அதுவே. பாடாதிருக்கும் உரிமைக்குப் பொருள் இருக்கவேண்டுமானால் பாடும் உரிமை முதலில் இருக்கவேண்டும்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன்: துக்கம் தனிப்பட்டது, அதில் மற்றவர் தலையிடலாமா என்பது. தலையிடவேண்டாம்; உடனிருக்கவேண்டும். மற்றொரு மறுப்பு, சிலருக்கு இவையெல்லாம் போதா என்பது. உண்மையே. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாடு, நீடித்த துயரத்தைத் தனி நோயாகச் சேர்த்துள்ளது. ஆறு மாதங்களுக்கு மேலும் அன்றாட வாழ்வை முடக்கும் துயரத்துக்கு மருத்துவத் துணை தேவை. அங்கே பாட்டு கேள் என்பது அன்பாகாது. ஆனால் அந்நிலைக்கு ஒருவர் செல்வதை முதலில் கண்டறிய வல்லவர், வாரந்தோறும் வீட்டுக்கு வந்துபோகும் நண்பரே.

நாம் கல்விப்புலத்தைச் சேர்ந்தவர்கள். துக்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுவோம். துக்கத்தில் இருக்கும் சக ஆய்வாளரிடம் அடுத்த இயலை எப்போது தருவீர்கள் என்போம். முனைவர் பட்ட விதிகளில் மகப்பேற்று விடுப்புக்கு 240 நாள் வரை எனத் தெளிவான வரம்பு எழுதப்பட்டுள்ளது. துணையிழப்புக்கும் அத்தகைய தெளிவு வேண்டும். நெறியாளரின் கருணையை நம்பி ஒருவர் நிற்கவேண்டிய நிலை கூடாது. துறை விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றச் ‘சுமங்கலிகளை’ மட்டும் அழைக்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அதை இந்த ஆண்டே நிறுத்தலாம். அதற்கு எந்தக் குழுவும் கூடவேண்டியதில்லை. ஒப்பாரியையும் கூத்தையும் களப்பணியில் பதிவு செய்யும் மாணவர்கள், பாடும் பெண்ணைத் தகவலாளி என்று மட்டும் எண்ணாமல், பதிவு முடிந்தபின்னும் போய் வரவேண்டும். எல்லைப்புறத்துத் தமிழ் வீடுகளில் அது இருமடங்கு தேவை. அவரோடு அம்மொழியில் பேச அன்று வேறு எவரும் வந்திருக்கமாட்டார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். துக்கச் செய்தி வந்ததும் இரங்கல் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பதினேழாம் நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று போய், இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்லிப் பேசுங்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து கேட்ட பாட்டு எது என்று கேளுங்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். பாடினால் சேர்ந்து பாடுங்கள். பேசாமல் இருந்தால் நீங்களும் சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டு, அடுத்து வரும் நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நாளில் மறவாமல் போங்கள்.